விடிகாலை 4 மணி தூக்கத்த ராத்திரி 12-க்கு இழுத்துட்டு வந்தது எப்படி (ஹாஸ்டல் பசங்களுக்கு)

மூணாவது செம்ல நான் தூங்குறது விடிகாலை 4 மணி, எந்திரிக்கிறது மதியம் 12. அட்டென்டன்ஸ் 75%-க்கு கீழ போய் கண்டோனேஷன் ஃபீஸ் (அட்டென்டன்ஸ் கொறஞ்சாலும் பரீட்சை எழுத விடுறதுக்கு கட்டுற காசு) கட்டுனதுக்கு அப்புறம்தான் புத்தி வந்துச்சு.

ஸ்டெப் 1: தூங்குற நேரத்த தொடாதீங்க, எந்திரிக்கிற நேரத்த மட்டும் மாத்துங்க. ரெண்டு நாளைக்கு ஒரு தடவ அரை மணி நேரம் முன்னாடி. 12, 11.30, 11... 7-க்கு வர எனக்கு மூணு வாரம் ஆச்சு. செம் லீவ்லயே ஆரம்பிச்சுடுங்க, கிளாஸ் ஓடும்போது "சார் நான் இப்ப 10.30 ஸ்டேஜ்ல இருக்கேன்"னு எச்.ஓ.டி-கிட்ட சொல்ல முடியாது.

ஸ்டெப் 2: எந்திரிச்ச உடனே வெளிச்சத்துல அரை மணி நேரம். இங்கதான் நான் மொத தடவ சொதப்புனேன். வீராப்பா ஒரேடியா 5.30-க்கு அலாரம் வெச்சு மொட்டை மாடில நின்னு சூரியன பாத்தேன், ஒரு வாரத்துல தூக்கம் இன்னும் தள்ளிப் போச்சு! அப்புறம் படிச்சுதான் புரிஞ்சுது: வழக்கமா எந்திரிக்கிறதுக்கு சுமாரா ரெண்டு மணி நேரம் முன்னாடி உடம்பு சூடு ரொம்ப கொறஞ்சிருக்கும், அதுக்கு அப்புறம் படுற வெளிச்சம் உடம்பு கடிகாரத்த முன்னாடி இழுக்கும், அதுக்கு முன்னாடியே பட்டா பின்னாடி தள்ளும். 12-க்கு எந்திரிக்கிறவனுக்கு காலைல 6 மணின்றது நடு ராத்திரி மாதிரி. அதனாலதான் அரை அரை மணியா நகத்தச் சொல்றேன்.

ஸ்டெப் 3: 3 மணிக்கு மேல டீ, காபி கட். காஃபின் பாதியா குறையவே அஞ்சு மணி நேரம் பக்கம் ஆகும், 7 மணிக்கு குடிச்ச டீ 12-க்கும் பாதி உள்ளதான் இருக்கும்.

ஸ்டெப் 4: ஃபோன் சார்ஜர் கட்டில்ல இருந்து கை எட்டாத எடத்துல. ஸ்லீப் ஆப் நாலு போட்டுப் பாத்தேன், ஸ்கோர் பாக்குறேன்னே முழிச்சிருந்தேன், எல்லாத்தையும் தூக்கிட்டேன். பழைய டைம்பீஸ் ஒண்ணு போதும். ரூம்மேட் லைட் போட்டு படிச்சா சண்டை வேணாம், துண்ட மடிச்சு கண்ணு மேல போட்டுக்கங்க.

அப்டேட்: "ஞாயித்துக்கெழம மட்டும் 12 வரைக்கும் தூங்கலாமா"னு நெறைய பேர் கேட்டுட்டாங்க. கூடாது, மிஞ்சிப்போனா ஒரு மணி நேரம், இல்லன்னா திங்கக்கெழம திரும்ப ஸ்டெப் 1தான்.

அப்டேட் 2: லேடீஸ் ஹாஸ்டல்ல மொட்டை மாடிய பூட்டி வெச்சிருக்காங்கன்னு ஒரு தங்கச்சி சொல்லிருந்தாங்க, கரெக்ட், எனக்கு தோணவே இல்ல. மெஸ்ஸுக்கு சுத்து வழியா நடந்து போங்கம்மா, டிபன் தட்டோட வெளில ஒக்காருங்க. ஜன்னலோரமும் ஓகே, ஆனா வெளில கெடைக்கிற வெளிச்சம் உள்ள வராது.