மாஸுக்கு மணிச்சத்து விட்டால் என்ன ஆகும்? மொட்டைமாடியில் செய்து பார்க்க ஒரு சோதனை

அலாஸ்காவின் வடகோடியில் குப்பாருக் என்று ஓர் ஆறு இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி உறைந்து கிடக்கும். கோடையில்தான் ஓடும், அப்போதும் அதன் தண்ணீரில் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், மிகக் குறைவு. 1983 முதல் கோடைதோறும் ஆய்வாளர்கள் அந்த ஆற்றின் ஒரு பகுதியில் பாஸ்பாரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு வந்தார்கள். லிட்டருக்கு ஏறத்தாழ 10 மைக்ரோகிராம் பாஸ்பரஸ் கூடும் அளவுக்குத்தான்.

முதலில் கற்களின் மேல் டயாட்டம் என்னும் நுண்பாசி தழைத்தது. அதை மேயும் பூச்சிகள் பெருகின, மீன்களும் வேகமாக வளர்ந்தன. நான்கைந்து ஆண்டுகளோடு ஆய்வை மூடியிருந்தால் உரம் விட்டால் பாசி வளரும் என்று முடிவெழுதியிருப்பார்கள். ஏறத்தாழ எட்டாண்டுகள் கழித்துத்தான், அதுவரை கண்ணில் அதிகம் படாத ஹைக்ரோஹிப்னம் என்ற மாஸ் (moss, கல்லிலும் சுவரிலும் மெத்தைபோல் படரும் சிறு பசுந்தாவரம்), வேகமாக ஓடும் கல்லாற்றுப் பகுதிகளை வளைத்துப்போட்டது. டயாட்டங்கள் இடம் இழந்தன. அவற்றை நம்பியிருந்த பேட்டிஸ் என்ற மேஃப்ளை வகை நீர்ப்பூச்சி குறைந்து, மாஸ் புதருக்குள் ஒளிந்து வாழும் எபிமெரெல்லா என்ற இன்னொரு பூச்சி பெருகியது. ஆற்றின் அடித்தளமே மாறிவிட்டது.

இந்தத் தாமதத்துக்காகவே இந்தச் செய்முறையை எழுதுகிறேன். மாஸுக்கு வேர் கிடையாது. அடியில் இருக்கும் இழைகள் கல்லைப் பற்றிக்கொள்ளத்தான் பயன்படுகின்றன. இலை பெரும்பாலும் ஒரே ஒரு செல் கனம்தான் என்பதால், தண்ணீரில் வரும் சத்தை இலையே நேராக உறிஞ்சிக்கொள்கிறது. சாப்பாடு உடனே சேர்ந்துவிடும், ஆனால் இடம் பிடிக்கக் காலம் எடுக்கும். பாசிக்கு நாட்கள் போதும், மாஸுக்கு ஆண்டுகள் வேண்டும்.

மதுரையில் பனியாறு கிடையாது. ஆனால் கார்த்திகை மழை நின்றதும் எந்தப் பழைய மதில் சுவரையும் பாருங்கள், பச்சைப் பட்டாக மாஸ் இருக்கும். அதை வைத்து இந்தக் கேள்வியைத் தாராளமாகக் கேட்கலாம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஓடையிலோ கண்மாயிலோ உரம் கலக்காதீர்கள். அழகர்மலை, சிறுமலைக் காடுகளிலிருந்து ஒரு பிடி மாஸ்கூடப் பெயர்த்து வராதீர்கள். சோதனை வீட்டோடு இருக்கட்டும்.

படி 1: மாஸை அடையாளம் காணுங்கள்

விரலால் தடவிப் பாருங்கள். வழவழவென்று விரலோடு வந்தால் அது பாசி. சிறு தண்டும் இலையுமாக, மெத்தென்று அடர்ந்து நின்றால் மாஸ். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், இந்தச் சோதனைக்கு அது இல்லாமல் முடியாது.

நம் பக்கத்துச் செங்கல், சிமென்ட் சுவர்களில் அதிகம் காணப்படும் மாஸ்களில் ஒன்று ஹையோஃபிலா இன்வொலூட்டா. வெயிலில் காய்ந்திருக்கும்போது அதன் இலைகள் ஓரங்களை உள்ளே சுருட்டிக்கொண்டு கரும்பழுப்பாக, செத்தது போல் இருக்கும். லென்ஸைக் கண்ணருகில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சுருள் அவிழும், இலைகள் ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் சாய்ந்து விரியும், நடுவில் ஓடும் நரம்பு தெரியும். கொஞ்ச நேரத்தில் பச்சை திரும்பிவிடும். இதைப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். எதை வளர்க்கிறோம் என்பது இந்தக் காட்சியில்தான் புரிகிறது.

படி 2: ஒன்பது அரைச்செங்கல்

உங்கள் வீட்டு இடிந்த மதில், பழைய கிணற்றடி, தோட்டத்து ஓரம் என எங்கிருந்தாவது மாஸ் படர்ந்த அரைச்செங்கல் ஒன்பது எடுங்கள். எல்லாம் ஒரே சுவரிலிருந்து வந்தால் நல்லது. பாத்திரம் துலக்கும் இடத்துக் கல், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்துக் கல் வேண்டாம். அவை சோப்புத் தண்ணீரில் ஏற்கெனவே சத்து குடித்தவை. மாஸைத் தனியாகச் சுரண்டி எடுத்து ஒட்டுவதும் வேண்டாம், கல்லோடு எடுங்கள்.

ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு தனி பிளாஸ்டிக் டப்பா. மூன்று கல்லை ஒரே தட்டில் வைப்பது சுலபம்தான், ஆனால் அந்தத் தட்டில் வேறு கோளாறு ஏதாவது வந்தால் மூன்றும் சேர்ந்து கெடும். அதை உரத்தின் விளைவு என்று நினைத்துவிடுவீர்கள்.

படி 3: தண்ணீர்

மழைநீர்தான் வேண்டும். போர் தண்ணீரின் உப்பு, கல்லின் மேல் வெள்ளையாகப் பூத்து மாஸை மூடிவிடும். முதல் மழையில் மாடியைக் கழுவ விட்டு, அடுத்த மழையிலிருந்து டிரம்மில் பிடியுங்கள். மழைநீர் தீர்ந்தால் ஆர்.ஓ. தண்ணீருக்கு மாறலாம், ஒன்பது டப்பாவுக்கும் ஒரே நாளில் மாற்ற வேண்டும்.

படி 4: சத்துக் கரைசல்

உரக்கடையில் 0:52:34 என்று கேளுங்கள். சொட்டுநீர்ப் பாசனத்துக்கு வாங்குவார்களே, அதுதான். டி.ஏ.பி. உரத்தில் தழைச்சத்தும் (நைட்ரஜன்) சேர்ந்து வரும், எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. 0:52:34-இல் தழைச்சத்து இல்லை. சாம்பல்சத்து (பொட்டாசியம்) இருக்கிறது, அதைக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்.

பையில் உள்ள 52 என்பது பாஸ்பரஸ் ஆக்சைடு கணக்கு. உண்மையான பாஸ்பரஸ் ஏறத்தாழ 23 சதவீதம். ஒரு கிராமை ஒரு லிட்டர் மழைநீரில் கரைத்தால், அதில் ஒரு மில்லிலிட்டருக்கு 0.23 மில்லிகிராம் பாஸ்பரஸ். இதுதான் தாய்க்கரைசல். இப்போது 20 லிட்டர் வாட்டர் கேன் மூன்றில் மழைநீர் நிரப்புங்கள், ஒவ்வொரு கேனும் மூன்று கல்லுக்கு:

அ: வெறும் மழைநீர்.
ஆ: மருந்துக்கடை ஊசிக்குழலால் 1 மில்லி தாய்க்கரைசல். லிட்டருக்கு 11 மைக்ரோகிராம், குப்பாருக் ஆற்றில் விட்ட அளவுக்கு மிக அருகில்.
இ: 20 மில்லி. ஆ-வைப் போல் இருபது மடங்கு.

இ எதற்கு என்று கேட்கலாம். ஐரோப்பிய ஆறுகளில் சத்து மிதமிஞ்சிய இடங்களில் மாஸின் இலைகள் மேலேயே பாசி படர்ந்து வெளிச்சத்தை மறைக்கிறது. சுத்தமான தண்ணீரில் வாழும் மாஸ் இனங்கள் குறைந்து, லெப்டோடிக்டியம் ரிப்பாரியம் போன்ற சகிப்புத்தன்மை உள்ளவை மிஞ்சுகின்றன. கொஞ்சம் விட்டால் வளர்ச்சி, அதிகம் விட்டால் மூச்சுமுட்டல். இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கத்தான் மூன்று அளவு. கிருதுமால் நதியைச் சாக்கடையாகப் பார்த்துப் பழகிய நமக்கு இ ஒன்றும் அந்நியமானது இல்லை.

படி 5: எண்ணும் சட்டம்

டப்பா மூடி ஒன்றில் 10 சென்டிமீட்டர் சதுரம் வெட்டி எடுங்கள். விளிம்பில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் துளையிட்டு, நெடுக்கில் பத்து, குறுக்கில் பத்து நூல் கட்டுங்கள். நூறு சந்திப்புகள் கிடைக்கும். கல்லின் மேல் வைத்து, நேர் மேலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்து, ஒவ்வொரு சந்திப்புக்கும் அடியில் இருப்பது மாஸா, பாசியா, வெறும் செங்கலா என்று குறியுங்கள். மாஸின் மேல் பாசி படிந்திருந்தால் அதற்குத் தனிக் கட்டம். வந்த எண்ணிக்கையே சதவீதம். சட்டம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் உட்கார, கல்லின் மூலைகளில் பெயின்ட் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். உரம் தொடங்கும் முன்பே ஒருமுறை எண்ணிவிடுங்கள்.

படி 6: அன்றாட வேலை

வடக்குப் பக்க நிழலில், கார்த்திகை கடைசியில் தொடங்குங்கள். கல்லின் மேல்பரப்புக்கு ஒரு விரல் கீழே வரை தண்ணீர் நின்றால் போதும், செங்கல் உறிஞ்சி மேலே கொண்டுவரும். காலையும் மாலையும் அந்த டப்பாத் தண்ணீரையே அள்ளி மாஸின் மேல் ஊற்றுங்கள். ஒவ்வொரு டப்பாவுக்கும் தனிக் கரண்டி.

இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை முழுக்க மாற்ற வேண்டும். சிறிய டப்பாவில் சத்து சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பது ஒரு காரணம், கொசு இன்னொரு காரணம். மேலே கொசுவலை கட்டாயம். டெங்குக் காலத்தில் தெருவுக்கே தொல்லை கொடுக்கும் சோதனையை யாரும் செய்யக்கூடாது. பழைய தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள். வாரம் ஒருமுறை டப்பாக்களின் இடத்தைக் கலைத்து வையுங்கள்.

படி 7: பொறுமையாகப் படியுங்கள்

முதலில் அசைவு தெரிவது பெரும்பாலும் இ-யில், அதுவும் பாசியில். மாஸ் எண்ணிக்கையில் ஒன்றும் நடக்காதது போல் இருக்கும், அதற்காகக் கைவிடாதீர்கள். மாதம் ஒருமுறை எண்ணினால் போதும். சித்திரை வெயிலில் எல்லாக் கல்லிலும் மாஸ் சுருங்கும், அது உரத்தின் வேலை இல்லை. அதைக் காட்டத்தான் அ இருக்கிறது. அடுத்த ஐப்பசியிலும் அதே கற்களை எண்ணும்போதுதான் ஒப்பிட ஏதாவது கிடைக்கும். எங்கள் ஊர்ச் சுவர் மாஸின் முடிவை அப்படியே குளிராறுகளுக்குப் பொருத்தவும் கூடாது. இனம் வேறு, வெப்பம் வேறு. கேள்வி கேட்கும் முறை மட்டுமே பொது.

குளிர் ஓடை மாஸைக் கண்ணால் பார்க்க ஆசையிருந்தால் கொடைக்கானல் பக்கம் போகலாம். எண்ணும் சட்டத்தைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். பாலத்துக்கு மேல்புறம் ஒரு கல், கடைகளின் கழிவுநீர் கலக்கும் இடத்துக்குக் கீழே ஒரு கல் எனத் தொடாமல் எண்ணி, படம் எடுத்து வரலாம். நிழலும் நீரோட்டமும் ஒன்றுபோல் இருக்கும் கற்களாகப் பார்த்து எடுங்கள்.

படி 8: உரத்தை நிறுத்துங்கள்

பலர் இந்தப் படியை விட்டுவிடுகிறார்கள். ஓராண்டு முடிந்ததும் ஒன்பது கல்லுக்கும் வெறும் மழைநீர் கொடுங்கள், எண்ணுவதை மட்டும் தொடருங்கள். குப்பாருக்கில் உரம் நின்ற பகுதிகளில் மாஸ் உடனே மறையவில்லை. வெள்ளம் அரித்து அரித்து, பழைய நிலைக்குத் திரும்பப் பல ஆண்டுகள் ஆயின. உங்கள் இ கல்லில் பாசி எத்தனை வாரத்தில் விலகுகிறது, அதன் அடியில் மாஸ் உயிரோடு இருக்கிறதா என்று லென்ஸால் பாருங்கள். உரம் நிறுத்திய தேதியைக் கல்லின் பக்கவாட்டிலேயே பெயின்டால் எழுதிவிடுங்கள், குறிப்பேடு தொலைந்தாலும் அது இருக்கும்.