லினக்ஸ் பூட் ஆகவில்லையா? எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

மறுபடி இன்ஸ்டால் செய்யக் கை பரபரக்கும், பொறுங்கள். பெரும்பாலும் உங்கள் கோப்புகள் பத்திரமாகவே இருக்கும். லோகோவையே பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் தெரியாது. ஆன் செய்ததும் எஸ்கேப் கீயைத் தட்டி (பழைய பயாஸ் கணினியில் ஷிஃப்டை அழுத்திப் பிடித்து) கிரப் (லினக்ஸைத் தொடங்கிவைக்கும் நிரல்) மெனுவை வரவழையுங்கள். பலமுறை தட்டினால் மெனுவைத் தாண்டிக் கட்டளை வரிக்குப் போய்விடும். மெனுவில் 'ஈ' எழுத்தை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியில் 'குவயட்' (quiet), 'ஸ்பிளாஷ்' (splash) இரண்டையும் அழித்து எஃப்10 கொடுங்கள். இந்த மாற்றம் அந்த ஒரு முறைக்கு மட்டுமே. இனி ஒவ்வொரு வரியும் திரையில் ஓடும். கடைசியாக நிற்கும் வரிதான் துப்பு.

1 நிமிடம் 30 விநாடி வரை எண்ணிக்கொண்டிருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் விழுகிறதா? முதல் சந்தேகம், பூட்டில் எந்தெந்தப் பார்ட்டிஷனை இணைக்க வேண்டும் என்று பட்டியலிடும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பின் மேல்தான். ஏதோ ஒரு டிஸ்க்கைக் கழற்றியிருப்பீர்கள், அல்லது ஏதோ ஒரு பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்திருப்பீர்கள். ஃபார்மேட் செய்தால் அதன் அடையாள எண்ணான யூயூஐடி (UUID) மாறிவிடும். பூட்டை நடத்தும் சிஸ்டம்டியோ பழைய எண்ணையே தேடிக் காத்திருக்கும். பாஸ்வேர்டு கேட்டால் கொடுத்து உள்ளே போய், பிஎல்கேஐடி (blkid) கட்டளை காட்டும் எண்களை எஃப்எஸ்டேப்பில் உள்ளவற்றோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். பொருந்தாத வரியைத் திருத்துங்கள்; டிஸ்க்கே இல்லையென்றால் வரியின் முன்னால் # போடுங்கள். சேமிக்க விடாமல் 'ரீட் ஒன்லி' என்று மறுத்தால், ரூட்டை (சிஸ்டம் இருக்கும் முதன்மைப் பார்ட்டிஷனை) முதலில் எழுதும் வசதியோடு ரீமவுண்ட் செய்ய, அதாவது மறுபடி இணைக்க, வேண்டும். அடிக்கடி கழற்றும் டிஸ்க்குகளுக்கு எஃப்எஸ்டேப்பில் 'நோஃபெயில்' (nofail) ஆப்ஷனைச் சேர்த்துவிட்டால், அவை இல்லாவிட்டாலும் பூட் நிற்காது.

லினக்ஸின் மையக்கருவான கெர்னலை அப்டேட் செய்த பிறகு 'கெர்னல் பேனிக்' வந்தால், கிரப்பின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். தனி பூட் பார்ட்டிஷன் நிரம்பி, புதிய இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் கெர்னலுக்கு உதவும் கோப்பு) உருவாவது பாதியிலேயே நின்றிருக்கலாம். வேண்டாத கெர்னல்களை நீக்கி இடம் ஏற்படுத்தி, அதைத் திரும்ப உருவாக்குங்கள்.

லாகின் திரை திரும்பத் திரும்ப வந்தால் பூட்டில் கோளாறில்லை. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி உள்ளே போய், டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

'இனிட்ராம்எஃப்எஸ்' என்ற வெற்றுத் திரையில் நின்றால், அங்கு குறிப்பிட்டிருக்கும் பார்ட்டிஷனில் எஃப்எஸ்சிகே (fsck, டிஸ்க்கின் கோப்பு அமைப்பைச் சரிபார்த்துப் பழுது பார்க்கும் கட்டளை) ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் 'ஐ/ஓ எரர்' (டிஸ்க்கில் படிக்கவோ எழுதவோ முடியவில்லை என்ற பிழை) வரிகள் வரிசையாக வந்தால் அதை ஓட்டவே வேண்டாம்: டிஸ்க்கே சாகக் கிடக்கலாம், பழுது பார்க்கப் போய் மிச்சமும் போய்விடும். லைவ் யூஎஸ்பியில் (இன்ஸ்டால் செய்யாமலே லினக்ஸ் ஓடும் பென்டிரைவில்) பூட் செய்து, முதலில் கோப்புகளை நகலெடுங்கள்.