ஜொகூர், மலாக்கா சிற்றூர்களில் நல்ல சாப்பாட்டுக் கடையைக் கண்டுபிடிப்பது எப்படி

சனிக்கிழமை விடியலில் கிளம்பி ஞாயிறு மாலை திரும்பும் பயணத்தில் கையில் இருப்பது நான்கைந்து வேளைச் சாப்பாடுதான். சிங்கப்பூரில் ஒரு வேளை சரியில்லை என்றால் அடுத்த வேளை பார்த்துக்கொள்ளலாம். பாலம் தாண்டி மலேசியாவுக்குள், மூன்று மணி நேரம் வண்டி ஓட்டிப் போய்ப் பூட்டிய கடை முன்னால் பிள்ளைகளோடு நிற்பது வேறு. இப்படி நிற்க நேர்வதற்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். "எந்தக் கடை நல்ல கடை?" என்று தேடியிருப்பார்கள், "அந்த ஊரில் எந்தச் சாப்பாடு, எத்தனை மணிக்கு?" என்று தேடியிருக்க மாட்டார்கள்.

நம்மூர் உணவங்காடி நிலையத்தில் எந்நேரமும் ஏதாவது ஒரு கடை திறந்திருக்கும். மூவாரிலோ பத்து பகாட்டிலோ நல்ல கடை என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம், ஓர் அடுப்பு, அன்றைக்கு ஒரு பானை. பானை காலியானால் நாற்காலியைக் கவிழ்த்துவிடுவார்கள். நாசி லெமாக், ரொட்டி, மீ வகைகளில் நல்லவை காலை 7 முதல் 10 மணிக்குள் முடிந்துவிடும். சோற்றுக் கடைக்கு 11.30 முதல் 12.30 வரைதான் உச்ச நேரம். 3 மணிக்கும் 5 மணிக்கும் நடுவில் ஊரே தூங்கும். இரவுச் சாப்பாட்டுக்கு 6 மணிக்கே உட்கார்ந்துவிட வேண்டும். எட்டரைக்குப் போனால் மீன் தீர்ந்திருக்கும். நாம் சிங்கப்பூரில் சாப்பிடும் நேரத்திலிருந்து ஒவ்வொரு வேளையையும் ஒரு மணி நேரம் முன்னே தள்ளுங்கள். இது ஒன்றைச் செய்தாலே பாதி ஏமாற்றம் குறையும்.

ஒவ்வோர் ஊருக்கும் அதற்கென்று ஒரு சாப்பாடும் அதற்கான வேளையும் உண்டு. மூவாரில் சாத்தேயைக் காலைப் பசியாறலுக்கே சாப்பிடுவார்கள். இரவுக்கு என்று ஒதுக்கிவைத்தால் அந்த ஊரின் சிறப்பே கைநழுவிப்போகும். குளுவாங்கில் ரயில் நிலையக் காப்பிக்கடை 1938 முதல் இருக்கிறது. வாட்டிய ரொட்டியும் காப்பியும் காலை வேளைக்கு உரியவை. யோங் பெங்கில் ஃபூச்சோ சீனர்களின் மீயும் மீன் உருண்டையும், பொந்தியானில் வன்டன் மீயும் பேர்பெற்றவை. தங்காக் மாட்டிறைச்சி மீக்குப் பெயர் போனது. மலாக்காவில் மதியத்துக்கு அசாம் பெடாஸ் என்னும் புளிப்பு மீன் குழம்பும் கோழிச்சோற்று உருண்டையும். ஜொகூர் லக்சாவுக்கு மீனைக் கரைத்த கெட்டிக் குழம்பு, அதில் நூடல்ஸுக்குப் பதில் ஸ்பெகட்டி.

இதைப் பயணத் திட்டத்தில் பொருத்தும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஜொகூர் பாருவிலிருந்து மூவார் சுமார் 180 கிலோமீட்டர். சனிக்கிழமை காலை உட்லண்ட்ஸ் நெரிசலையும் சேர்த்தால் மூவாரில் காலைச் சாத்தேக்குப் போய்ச் சேருவது நடக்காத காரியம். அதனால் தங்கும் ஊரின் காலைச் சாப்பாட்டை ஞாயிற்றுக்கிழமைக்கு வையுங்கள், அன்று அங்கேதான் கண் விழிப்பீர்கள். சனிக்கிழமைப் பசியாறலை வழியில் குளுவாங்கிலோ யோங் பெங்கிலோ முடியுங்கள். ஞாயிறு மதியச் சாப்பாட்டை 11.30க்கே முடித்துவிட்டுக் கிளம்பினால் மாலை நெரிசலின் மோசமான பகுதியிலிருந்து தப்பலாம். சொந்த வண்டியில் போகிறவர்கள் வண்டிக்கான மலேசிய நுழைவு அனுமதி, சாலைக் கட்டணத்துக்கான டச் அண்ட் கோ அட்டை, முக்கால் தொட்டி பெட்ரோல் மூன்றையும் முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியக் கடப்பிதழில் போகிறவர்கள் மலேசியாவின் மின்னிலக்க வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும்.

நாள்காட்டியையும் பாருங்கள். ஜொகூரில் வார விடுமுறை முன்பு வெள்ளி, சனி. 2025 ஜனவரி 1 முதல் சனி, ஞாயிறு. அதற்கு முன் எழுதப்பட்ட கடை நேரக் குறிப்புகளை அப்படியே நம்பாதீர்கள். வெள்ளிக்கிழமை 12.30 முதல் 2.30 வரை தொழுகைக்காக மலாய்க்காரர் கடைகள் பல மூடியிருக்கும். நோன்பு மாதத்தில் அவை பகலில் திறப்பதில்லை, ஆனால் பிற்பகல் நான்கு மணிவாக்கில் ரமலான் சந்தை கூடும். அந்த ஒரு மாதம் மட்டும் மாலை நேரமே சிறந்தது. சீனப் புத்தாண்டு, தீபாவளி வாரங்களில் குடும்பக் கடைகள் நான்கைந்து நாள் சேர்ந்தாற்போல் மூடியிருக்கலாம். திங்கள் விடுமுறையோடு சேரும் நீண்ட வாரயிறுதியில் இன்னொரு சிக்கல் உண்டு: சனி, ஞாயிறு உழைத்த கடைக்காரர் திங்களன்றுதான் ஓய்வெடுப்பார்.

கைப்பேசியில் தேடும் விதம்

"அருகில் உள்ள உணவகம்" என்று தேடினால் விளம்பரமும் சுற்றுப்பயணிகள் கடையும்தான் முன்னால் வரும். வரைபடத்தில் பழைய கடைவீதியைப் பெரிதாக்கிக்கொண்டு, சாப்பாட்டின் பெயரை மலாயில் போடுங்கள்: மீ பண்டுங் (mee bandung), லொந்தோங் (lontong), நாசி சம்பூர் (nasi campur), டாவுன் பீசாங் (daun pisang). வாழை இலைச் சாப்பாட்டுக்கு மலாயில் டாவுன் பீசாங் என்று தேடினால் இந்தியக் கடைகள் பல வந்து விழும்.

நட்சத்திர எண்ணிக்கையை அதிகம் நம்ப வேண்டாம். திறந்து ஆறு மாதமான கடையில் முப்பது பேர் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தால் பெரும்பாலும் நண்பர்களும் அறிமுகச் சலுகை வாங்கியவர்களும்தான். பல ஆண்டுகளாக நூற்றுக்கணக்கில் கருத்துகள் சேர்ந்து 4.1இல் நிற்கும் கடை பலமடங்கு மேல். அங்கே ஒரு நட்சத்திரம் போட்டவர்கள் என்ன திட்டியிருக்கிறார்கள் என்று படியுங்கள். வண்டி நிறுத்த இடமில்லை, காத்திருந்தோம், கடைக்காரம்மா சிரிக்கவில்லை என்றால் கவலையில்லை. சோறு ஆறியிருந்தது, நேற்றைய குழம்பு, விலை சொன்னது ஒன்று வாங்கியது ஒன்று என்றால் விட்டுவிடுங்கள்.

கருத்துகளைப் புதியது முதலில் என்று வரிசைப்படுத்தி, அதற்குள்ளேயே மூன்று சொற்களைத் தேடுங்கள்: தூதூப் (tutup) என்றால் மூடியிருக்கிறது, ஹாபிஸ் (habis) என்றால் தீர்ந்துவிட்டது, பிண்டா (pindah) என்றால் இடம் மாறிவிட்டது. "பத்து மணிக்கே ஹாபிஸ்" என்று நாலு பேர் எழுதியிருந்தால் அதுதான் உங்களுக்கு வேண்டிய கடை, ஒன்பதுக்கே போங்கள். எழுதியவரின் பெயரைத் தட்டிப் பாருங்கள்: அதே ஊரில் டயர் கடை, மருந்தகம், துணி துவைக்கும் கடை எல்லாவற்றுக்கும் கருத்து எழுதியிருந்தால் அவர் உள்ளூர்க்காரர். அவர் வேறெங்கே சாப்பிட்டிருக்கிறார் என்ற பட்டியலும் அங்கேயே கிடைக்கும். இதைவிட நல்ல வழிகாட்டி எந்த இணையப் பக்கத்திலும் இல்லை.

படங்களில் கடைக்காரர் போட்டதைத் தள்ளிவிட்டு, சாப்பிட வந்தவர்கள் எடுத்ததைத் தேதியோடு பாருங்கள். மூன்று வருடத்துக்கு முந்தைய தட்டும் போன மாதத் தட்டும் ஒரே மாதிரி இருந்தால் சமைக்கும் கை மாறவில்லை. கடைசியாக, பட்டியலில் கைப்பேசி எண் இருந்தால் முந்தின நாள் வாட்ஸ்அப்பில் இரண்டே சொல் அனுப்புங்கள்: "எசோக் புக்கா?" (Esok buka?) நாளைக்குத் திறப்பீர்களா என்று பொருள். பதில் வராவிட்டால் அந்தக் கடையை இரண்டாம் இடத்துக்கு நகர்த்துங்கள். ஒவ்வொரு வேளைக்கும் முதல் கடை ஒன்று, அங்கிருந்து நடக்கும் தூரத்தில் மாற்றுக் கடை ஒன்று குறித்துவைத்தால் போதும். பத்துக் கடை குறித்தால் வெயிலில் நின்று குடும்பத்தோடு விவாதம்தான் நடக்கும்.

ஊருக்குள் போனபின்

விடுதி வரவேற்பாளரிடம் "நல்ல ரெஸ்டாரண்ட்" கேட்டால் குளிர்சாதனம் போட்ட கடையைத்தான் காட்டுவார். உங்களை மகிழ்விக்க அவர் நினைப்பது இயல்புதான். ஆகவே கேள்வியை மாற்றுங்கள். பெட்ரோல் நிலையத்திலோ பழக்கடையிலோ "பாகி தாடி மாக்கான் டி மானா?" என்று கேளுங்கள், "காலையில் எங்கே சாப்பிட்டீர்கள்?" என்று பொருள். கருத்துக் கேட்டால் யோசித்துச் சொல்வார்கள், நடந்ததைக் கேட்டால் உடனே கை நீட்டிக் காட்டுவார்கள். குளுவாங், சிகாமாட் பக்கம் தோட்டப்புறத் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. கோயில் வாசல் பூக்கடையில் "அக்கா, வீட்டுல சமைக்காத அன்னைக்கு எங்க வாங்குவீங்க?" என்று கேட்டால், வரைபடத்திலேயே இல்லாத ஒரு வீட்டுச் சாப்பாட்டுக் கடை வெளிவரும்.

வண்டியைச் சந்தை பக்கத்தில் நிறுத்திவிட்டு இரண்டு தெரு நடங்கள். கூட்டம் இருக்கிறதா என்பதோடு யாருடைய கூட்டம் என்று பாருங்கள். பள்ளிச் சீருடைப் பிள்ளைகள், வேலைச் சட்டையோடு வந்தவர்கள், பொட்டலத்துக்குக் காத்திருக்கும் பாட்டிகள் இருந்தால் உள்ளே போகலாம். எல்லா மேசையிலும் கேமரா மட்டும் இருந்தால் வேண்டாம். சுவரில் நகராட்சியின் தூய்மைத் தரம் ஏ, பி, சி என்று ஒட்டியிருக்கும்.

அடுப்பையும் அருகில் போய்ப் பாருங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். சாத்தே என்றால் பச்சைக் குச்சிகள் பெட்டியில் மூடி இருக்க வேண்டும், கேட்டபின் கரியில் ஏற வேண்டும். முன்பே முக்கால்வாசி வாட்டி அடுக்கியிருந்தால் இரண்டாம் சூட்டில் கறி காய்ந்து நாராகும். நல்ல கடைக்காரர் ஒரு கையால் விசிறி, மறு கையால் குச்சிக் கட்டைத் திருப்பி, எண்ணெய் சொட்டித் தீ எழும்போது அந்தக் கட்டு முழுவதையும் தூக்கிவிடுவார். ஓரம் கருகும், நடுவில் ஈரம் நிற்கும். வேர்க்கடலைக் குழம்பு சூடாக வர வேண்டும். மூவாரின் ஒத்தாக்-ஒத்தாக் என்னும் மசாலா மீன் விழுதுக்கும் இதே விதி. நீப்பா ஓலையில் மடித்து வாட்டியதைப் பிரிக்கும்போது ஆவி வர வேண்டும். ஆறியதில் மீன் வாடை ஏறிவிடும்.

வாழை இலைக் கடையை ரசத்தை வைத்து எடைபோடுங்கள். கறிக்குழம்பில் மசாலா குறையை மறைத்துவிடும், ரசத்தில் மறைக்க இடமில்லை. திரும்பத் திரும்பக் கொதித்த ரசம் மணம் போய்க் கசக்கும். பொரியல் பீன்ஸ் பச்சையாக இருக்கிறதா, அப்பளம் நொறுங்குகிறதா என்று பாருங்கள். மூன்று மணிக்குமேல் தேங்காய்ச் சட்னியைத் தொடாதீர்கள்: அரைத்த தேங்காய் இந்த வெக்கையில் அரை நாள்கூடத் தாங்காது.

மலாக்கா சாத்தே செலுப்பில் எல்லோரும் ஒரே வேர்க்கடலைக் குழம்புச் சட்டியில் குச்சியை முக்குவதால், மேசைக்குப் புதுக் குழம்பு ஊற்றுகிறார்களா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள்: "குவா பாரு?" கூக்குப், மெர்சிங் கடலுணவுக் கடைகளில் பட்டியலில் ஹர்கா செமாசா, அதாவது அன்றைய விலை, என்று இருந்தால் 100 கிராமுக்கா கிலோவுக்கா என்று தெளிவாகக் கேட்டு, மீனைக் கண்முன் நிறுக்கச் சொல்லி, மொத்த விலையையும் கேட்டபிறகு சமைக்கச் சொல்லுங்கள். நாசி சம்பூரில் தட்டில் போட்டதும் "பெராப்பா?", அதாவது எவ்வளவு, என்று கேட்டுவிடுவது நல்லது.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்கு ஒரு முக்கியக் குறிப்பு. டாகிங் என்றால் இங்கே பெரும்பாலும் மாட்டிறைச்சிதான். கம்பிங் ஆடு, ஆயாம் கோழி. மீ பண்டுங்கில் இறால் தெரிந்தாலும் பல கடைகளில் மாட்டிறைச்சியும் அதன் சாறும் சேர்க்கிறார்கள். "அடா டாகிங்? சூப் டாகிங்?" என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். சைவர்களுக்குப் பெலாச்சான் என்னும் இறால் விழுதும் நெத்திலியும்தான் பொறி. கங்குங் பொரியல், சம்பல், சில கடைகளில் கீரைக் குழம்புவரை அவை இருக்கும். "சாயுர்" என்றால் காய்கறி என்று மட்டுமே பொருள்படும், சைவம் என்றாகாது. சீனச் சைவக் கடைகள் ஏறக்குறைய எல்லா ஊரிலும் உண்டு, முட்டை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஹலால் பார்ப்பவர்கள் மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிமின் ஹலால் முத்திரையைத் தேடுங்கள். பன்றி இறைச்சி இல்லை என்ற பலகை அதற்கு ஈடாகாது.

பணத்தை 5, 10 ரிங்கிட் தாள்களாக வைத்திருங்கள். கியூஆர் பல இடங்களில் உண்டு, சிங்கப்பூர் வங்கிச் செயலிகள் சில மலேசியாவின் கியூஆர் கட்டண முறையான டுயிட்நவ்வில் வேலையும் செய்யும். ஆனால் காலைச் சந்தைக் கடையில் வரிசையை நிறுத்திக் கைப்பேசியோடு போராடுவது யாருக்கும் நல்லதில்லை. நான்கு பேர் போனால் ஒரு கடையில் இரண்டு தட்டு மட்டும் வாங்கிப் பகிர்ந்து, அடுத்த கடைக்கு நடங்கள். ஒரே வேளையில் மூன்று கடை பார்த்துவிடலாம்.

வீட்டுக்குத் தபாவ் வாங்கும்போது தேங்காய்ப்பால் சேர்ந்தது எதுவும் வேண்டாம். பாலத்தில் மூன்று மணி நேரம் நின்றால் வண்டிக்குள்ளேயே புளித்துவிடும். இறைச்சி, முட்டை வாங்குமுன் சிங்கப்பூருக்குள் அவற்றைக் கொண்டுவரும் விதிகளைப் பாருங்கள். காப்பித்தூளுக்கு அந்தச் சிக்கல் இல்லை. அதைக் கடையில் கண்முன் அரைத்துத் தரச்சொல்லி, மூடியை இறுக்கி, பின்பெட்டியில் வெயில் படாத பக்கம் வையுங்கள்.