ஆட்டிசமோ என்ற சந்தேகமா? எங்களைப் போல இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

என் மகனுக்கு அப்போது 20 மாதம். தரையில் உட்கார்ந்து ஒரு டப்பா மூடியைச் சுழலவிட்டுக்கொண்டிருந்தான். பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். ஆறேழு முறை கூப்பிட்டும் திரும்பவில்லை. அடுத்த அறையில் அவனுக்குப் பிடித்த பாட்டு லேசாகக் கேட்டதும் எழுந்து ஓடினான். 'காது நன்றாகத்தானே கேட்கிறது, விளையாட்டு மும்முரம்' என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். என் மனைவி அன்றைக்கே "டாக்டரிடம் காட்டலாம்" என்றாள். நான்தான் தள்ளிப்போட்டேன். எட்டு மாதம் அப்படியே போனது.

"பையன்கள் லேட்டாகத்தான் பேசுவார்கள்", "நீயே மூன்று வயதில்தான் வாயைத் திறந்தாய்" என்றெல்லாம் அக்கறையோடுதான் சொல்வார்கள். தாமதமாகப் பேச ஆரம்பித்து, பிறகு சரியாகிவிடும் குழந்தைகளும் உண்டு. ஆனால் பேச்சை மட்டுமே கவனித்துக்கொண்டிருந்ததுதான் என் முதல் தவறு. பேச்சுக்கு முன்னால் வர வேண்டியவை பல இருக்கின்றன. ஒன்றரை வயதுக் குழந்தை வானத்தில் விமானத்தைப் பார்த்தால் விரலை நீட்டும், உடனே திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்க்கும். 'நீயும் பார்த்தாயா?' என்று கேட்கிற பார்வை அது. வேண்டியதைக் கேட்கக் கை நீட்டுவது வேறு, பிறருக்குக் காட்ட நீட்டுவது வேறு. என் மகனிடம் இரண்டாவது இல்லவே இல்லை. கதவைத் திறக்க வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய், கைப்பிடி மேல் என் கையை வைப்பான். நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்க மாட்டான். அதைச் சமர்த்து என்று நினைத்து, மற்றவர்களிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

ஒரு வயது நெருங்கும்போது பெயருக்குத் திரும்புவது, 18 மாதத்தில் விரல் நீட்டிக் காட்டுவது, பெரியவர்கள் செய்வதைப் பார்த்துத் தானும் செய்வது, இவையெல்லாம் காணோமென்றால் பேச்சு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஏற்கெனவே சொல்லிவந்த சொற்களையோ டாட்டா காட்டுவதையோ குழந்தை விட்டுவிட்டால், அதே வாரம் மருத்துவரைப் பாருங்கள். அதற்காக, நுனிக்காலில் நடக்கிறது, கையை உதறுகிறது என்று ஏதோ ஒன்றை வைத்து முடிவுகட்டவும் கூடாது. ஆட்டிசம் (பிறரோடு பழகுவதையும் தொடர்புகொள்வதையும் பாதிக்கும் மூளை வளர்ச்சி வேறுபாடு) இல்லாத குழந்தைகளும் இவற்றைச் செய்யும்.

எம்-சாட் என்றொரு கேள்வித்தாள் இருக்கிறது. 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது. பெற்றோர் ஆம், இல்லை என்று பதில் சொல்ல 20 கேள்விகள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அகாடமி 18 மாதத்திலும் 24 மாதத்திலும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஆட்டிசம் ஸ்கிரீனிங் செய்யச் சொல்கிறது. அதற்குப் பரவலாகப் பயன்படுவது இந்தக் கேள்வித்தாள்தான். இது சல்லடை மாதிரி, தீர்ப்பு அல்ல. இதில் மதிப்பெண் கூடினால் சந்தேகமும் கூடும். ஆனாலும் அதிகமாக வந்த குழந்தைகள் எல்லோருக்கும் ஆட்டிசம் இருந்தே தீரும் என்றில்லை. குறைவாக வந்தும் உங்கள் மனம் ஒப்பவில்லையென்றால், மதிப்பெண்ணை ஒதுக்கிவிட்டு மனம் சொல்வதையே கேளுங்கள்.

காது விஷயத்துக்கு வருகிறேன். பாட்டுக்கு ஓடுகிற குழந்தைக்குக் காதில் குறையே இருக்காது என்று நான் நினைத்தது தவறு. சில அலைவரிசைகள் மட்டும் கேட்காமல் போகலாம். எந்தச் சந்தேகமாக இருந்தாலும் முறையான கேட்புப் பரிசோதனையை முதலில் செய்துவிடுங்கள்.

மருத்துவரிடம் போனபோது இன்னொரு தவறு செய்தோம். "எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று வந்தோம்" என்றேன். பத்து நிமிடத்தில் அவன் அமைதியாக மடியில் இருந்தான், "ஆறு மாதம் கழித்து வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, நான் எதையும் சொல்லவே இல்லையே. நேரடியாகப் பேசுங்கள்: "ஆட்டிசமாக இருக்குமோ என்று சந்தேகப்படுகிறோம், மதிப்பீட்டுக்கு எழுதிக் கொடுங்கள்." ஃபோனில் சின்னச் சின்ன வீடியோக்கள் எடுத்துப்போங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுவது ஒன்று, தனியாக விளையாடுவது ஒன்று, மற்ற குழந்தைகளோடு இருப்பது ஒன்று போதும். காத்திருக்கச் சொன்னால், எந்தத் தேதிக்குள் என்ன மாற்றம் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் அடுத்து என்ன என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

முழு மதிப்பீட்டுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். அதுவரை சும்மா இருப்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. ஆட்டிசம் என்று பெயர் வைத்தால்தான் ஸ்பீச் தெரபி தொடங்க முடியும் என்றில்லை. பேச்சும் தொடர்பாடலும் பின்தங்கியிருப்பதே போதுமான காரணம். கடைசியில் ஆட்டிசம் இல்லை என்று வந்தாலும் அந்த மாதங்கள் வீணாகாது.

வீட்டில் நாங்கள் அவனைச் சோதித்துக்கொண்டே இருந்தோம். "இது என்ன? சொல்லு. இங்கே பார், கண்ணைப் பார்." அவன் இன்னும் விலகினான். தெரபிஸ்ட் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். அப்புறம் நானும் ஒரு மூடியை எடுத்துக்கொண்டு, எதிரே தரையில் உட்கார்ந்து, பேசாமல் சுழலவிட்டேன். பல நாள் கண்டுகொள்ளவே இல்லை. ஒருநாள் என் மூடி நின்றுவிட்டது. அவன் அதை என் பக்கம் தள்ளிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். வேண்டியதைப் படம் காட்டிக் கேட்கக் குழந்தையைப் பழக்கினால் பேச்சு வராது என்பதும் தவறு. படங்களும் சைகைகளும் பேச்சைத் தடுப்பதில்லை. குழப்பமாகிவிடும் என்று பயந்து வீட்டு மொழியைக் கைவிட வேண்டியதும் இல்லை.

குற்ற உணர்ச்சி வரும். அம்மாவின் பாசக் குறைவால் ஆட்டிசம் வருகிறது என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே பழி போட்டார்கள். அது தவறு என்பது எப்போதோ நிரூபணமாகிவிட்டது. தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்ற கதையும் அப்படித்தான். 12 குழந்தைகளை மட்டும் வைத்து 1998-ல் வந்து அந்தக் கதையைக் கிளப்பிய கட்டுரையை, வெளியிட்ட இதழே 2010-ல் திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் 6.5 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019-ல் வெளியான ஆய்விலும் தொடர்பு எதுவும் தெரியவில்லை. அந்தப் பயத்தில் அடுத்த குழந்தையின் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

இத்தனை நாளில் குணமாக்குகிறேன் என்று நாள் குறிப்பவரிடம் போகாதீர்கள். ஆட்டிசத்துக்கென்று உடலில் இருந்து உலோகங்களை வெளியேற்றும் சிகிச்சையின்போது 2005-ல் அமெரிக்காவில் 5 வயதுச் சிறுவன் இறந்துபோனான். அழுத்தமேற்றிய ஆக்ஸிஜன் அறை, வெளுப்புத் திரவம் என்று இன்னும் விற்கிறார்கள். நொந்துபோன பெற்றோர்தான் அவர்களுடைய இலக்கு.

கடைசியாக, வீட்டுக்குள் நடக்கிற வாக்குவாதம். ஒருவருக்குத் தெரியும், இன்னொருவர் ஒப்புக்கொள்ள மாட்டார். எங்கள் வீட்டில் அந்த இன்னொருவர் நான். எட்டு மாதச் சண்டைக்குப் பிறகு, எம்-சாட்டின் 20 கேள்விகளையும் ஆளுக்கொரு தாளில், ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல் நிரப்பினோம். நான்கு கேள்விகளில்தான் எங்கள் பதில் வேறுபட்டது. மற்றதெல்லாம் ஒன்றுதான். இரண்டு தாளையும் மடித்து எடுத்துக்கொண்டு மறுபடியும் மருத்துவரிடம் போனோம்.