தெரிந்த சொல்தானே என்று தாண்டிப் போகிறவர்களுக்கு

ஜெர்மனில் 'கிஃப்ட்' என்றால் விஷம், ஆங்கிலத்தைப் போலப் பரிசு அல்ல. இது முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. ஸ்பானிஷில் 'எம்பராசாதா' கர்ப்பிணியைக் குறிக்கும், கூச்சப்படுகிறவளை அல்ல என்பதும் அப்படித்தான். ஒருமுறை சிரித்தால் மறக்காது. அவற்றை விட்டுவிடுகிறேன். என்னிடம் மொழிபெயர்ப்புப் பழக வருகிறவர்களின் தாள்களைத் திருத்தும்போது, இப்படி வேறு மொழிச் சொல்லைப் போலவே தோன்றிப் பொருள் மாறும் சொற்களில் பதினைந்து வருடத்துக்கு முன்பு நான் செய்த தவறுகளே திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. அவற்றைப் பற்றி மட்டும்.

எவென்டுவெல்

இதில்தான் நான் சூடுபட்டேன். ஒரு தொழிற்சாலைக்கு ஜெர்மனியிலிருந்து வரும் கடிதங்களை ஆங்கிலத்தில் ஆக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நின்றுபோன ஒரு மெஷினுக்கு ஸ்பேர் எப்போது வரும் என்று கேட்டதற்கு இரண்டே வரியில் பதில் வந்தது: 'எவென்டுவெல்' 14-ஆவது வாரத்தில் கிடைக்கும். ஜெர்மன் கம்பெனிகளுக்கு இது பழக்கம். தேதிக்குப் பதில் வருடத்தின் எத்தனையாவது வாரம் என்று எழுதுவார்கள். நான் காலண்டரைப் புரட்டி, விரல்விட்டு எண்ணி, ஏப்ரல் தொடக்கம் என்று கண்டுபிடித்தேன். அந்த அக்கறையில் பாதியையாவது முதல் சொல்லுக்குக் காட்டியிருக்கலாம். ஆங்கில 'இவென்ச்சுவலி'தானே என்று அப்படியே போட்டுவிட்டேன். படித்தவர்கள் 'ஒருவழியாக ஏப்ரலில் வந்துவிடும்' என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஜெர்மன் சொல்லுக்கு 'ஒருவேளை' என்றுதான் பொருள். வந்தால் வரலாம்.

ஃபிட்டர்களுக்குச் சொல்லியாயிற்று, கிரேன் வாடகைக்குப் பேசியாயிற்று, வாடிக்கையாளரிடம் டெலிவரிக்கு நாளும் குறித்தாயிற்று. பெட்டி வந்ததோ மே கடைசியில். சத்தம்போட ஃபோன் செய்த மானேஜரிடம், "நாங்கள் உறுதி சொல்லவே இல்லையே" என்றார்கள் நிதானமாக. கடிதத்தை எடுத்துப் பார்த்தோம். சொல்லவில்லைதான். மானேஜர் என்னைத் திட்டவில்லை. "டிக்ஷனரி பார்த்தீங்களா மேடம்?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் என்றோ மறந்திருப்பேன்.

எல்லாம் ஒரே லத்தீன் வேர்: 'எவெனிரே', வெளியே வருதல். ஆங்கிலம் அதைக் கடைசியில் வந்து சேரும் முடிவாக எடுத்துக்கொண்டது. ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், போலிஷ் எல்லாம் 'நடந்தாலும் நடக்கலாம்' என்ற பக்கம் போய்விட்டன. ஸ்பானிஷில் 'எவென்துவால்' என்றால் தற்காலிகத் தொழிலாளி. நம் பக்கத்தில் 'அவசரம்' தெலுங்கில் தேவையாகவும் மலையாளத்தில் வாய்ப்பாகவும் இருப்பதைப் போலத்தான். கவனித்தால் இங்கே ஆங்கிலம்தான் தனிக்கட்டை. நாமோ மற்ற எல்லா மொழிகளையும் அதன் ஜன்னல் வழியாகவே எட்டிப் பார்க்கிறோம்.

இத்தாலியனில் 'புர்ரோ' வெண்ணெய், ஸ்பானிஷில் கழுதை. மாற்றி எழுதினால் ரொட்டியில் கழுதையைத் தடவ வேண்டிவரும், வாக்கியமே காட்டிக்கொடுத்துவிடும். எவென்டுவெல் காட்டிக்கொடுக்காது. தப்பான பொருளோடும் வாக்கியத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும், சரிபார்க்கிறவரும் தலையாட்டிவிட்டுப் போவார்.

போன மாதம் இதையே ஒருவர் தலைகீழாகச் செய்தார். பாக்கியைக் கடைசியில் கட்டிவிடுவோம் என்ற ஆங்கில வரியை ஜெர்மனாக்கும்போது இந்தச் சொல்லையே போட்டிருக்கிறார். படிக்கும் ஜெர்மானியருக்கு அது 'பாக்கியை ஒருவேளை தருவோம்'. எரிச்சலாக வந்தது. 'ஷ்லீஸ்லிஷ்' என்று ஒரு சொல் எதற்கு இருக்கிறது?

பில்லியன்

ஆங்கிலத்தில் நூறு கோடி. ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷில் லட்சம் கோடி. ஜெர்மனில் நூறு கோடிக்கு 'மில்லியார்டெ' என்று தனிச்சொல் உண்டு. பிரிட்டன் அரசு தன் கணக்குகளில் நூறு கோடிதான் என்று தெளிவாக அறிவித்ததே 1974-இல். பழைய பிரிட்டிஷ் காகிதம் என்றால் முதலில் வருடத்தைப் பாருங்கள், அப்புறம் பூஜ்யங்களை எண்ணலாம்.

அரை மூன்று

ஜெர்மன் 'ஹால்ப் டிரை' இரண்டரை மணி. பிரிட்டிஷ்காரர் பேச்சில் 'ஹாஃப் த்ரீ' மூன்றரை. ரயில் போய்விடும்.

பக்கத்து வீட்டு மொழிகள்

ஒரு மொழி தெரிந்தால் பக்கத்து மொழி பாதி இலவசம் என்பார்கள். ஆனால் செக் மொழியில் 'செர்ஸ்த்வீ' என்றால் அன்று சுட்ட ரொட்டி. எல்லை தாண்டிப் போலந்துக்குப் போனால், கிட்டத்தட்ட அதே சொல் காய்ந்துபோன பழைய ரொட்டிக்கு. நார்வேக்காரருக்கு 'ரோலிக்' அமைதி, சுவீடன்காரருக்கு வேடிக்கை.

தெமாந்தே

பிரெஞ்சில் இது வெறுமனே கேட்பது. ஆங்கில 'டிமாண்ட்' போல அதட்டிக் கேட்பது அல்ல.

சென்சிபிள்

ஆங்கிலத்தில் விவேகி. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் சட்டென்று மனம் புண்படுகிறவர். வேலைக்கான பரிந்துரைக் கடிதத்தில் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

அகராதி

ஜெர்மன்-ஆங்கிலம் போதாது, ஜெர்மன்-ஜெர்மன் பாருங்கள். டூடன் என்ற ஜெர்மன் அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. தெரியாத சொல்லுக்கு எப்படியும் பார்ப்பீர்கள்; தெரிந்த சொல்லுக்கும் பாருங்கள்.