பழைய டிராக்டர் எந்த மாடல், எந்த வருஷம்? நான் கண்டுபிடித்த வழி

வாடிப்பட்டிப் பக்கம் மாமாவின் தோட்டத்துக் கொட்டகையில் பதினோரு வருஷமாக ஒரு சிவப்பு டிராக்டர் நின்றது. போன தை மாதம் அதைக் கிளப்பிவிடலாம் என்று இறங்கினேன். ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் கசியாமல் இருக்க வைக்கும் தகடு) போயிருந்தது; கழற்றும்போதே துண்டு துண்டாகக் கையில் வந்தது. மதுரைக்குப் பஸ் ஏறி ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நின்றால், முதல் கேள்வியே "என்ன மாடல், எந்த வருஷம்?"

மாமாவுக்குப் போன் போட்டேன். "எழுபத்தி நாலு மாடல் மகிந்திரா மாப்ளே, கண்ணை மூடிட்டு வாங்கு" என்றார். பின்னாலிருந்து அத்தை, "எழுபத்தி நாலா? அதுக்கும் முந்தி வந்த வண்டில்ல அது" என்றார். கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கினேன். பொருந்தவில்லை. அதன் பிறகு ஒன்றரை மாதம் அலைந்து கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

எடுத்து வைக்க வேண்டியவை

மண்ணெண்ணெய் அல்லது டீசல் கொஞ்சம், கம்பி பிரஷ், பழைய பல் பிரஷ், 2பி பென்சில், மெல்லிய வெள்ளைத்தாள், டார்ச், ஒரு சிட்டிகை திருநீறு. திருநீறு எதற்கு என்று பிறகு சொல்கிறேன். ஆங்கிள் கிரைண்டரைக் கொட்டகைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். துருவோடு சேர்த்து வண்டியில் குத்தியிருக்கும் நம்பரையும் தின்றுவிடும். எண் தேய்ந்த வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள்.

படி 1: பெயிண்ட்டை மறந்துவிட்டு, பைப்பை எண்ணுங்கள்

கலரையும் பானெட்டில் ஒட்டிய ஸ்டிக்கரையும் நம்ப வேண்டாம். இந்த வயது வண்டி இரண்டு மூன்று தடவையாவது பெயிண்ட் பார்த்திருக்கும். டீசல் பம்ப்பிலிருந்து, இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்களுக்குப் போகும் இரும்புப் பைப்புகளை எண்ணுங்கள். ஒரு சிலிண்டருக்கு ஒன்று. நாசில் தலையிலிருந்து டேங்குக்குத் திரும்பும் ஒல்லியான ரிட்டர்ன் லைனைச் சேர்க்காதீர்கள்.

இதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். மாஸி பெர்குசன் 1035, ஃபோர்டு 3000, ஃபோர்டு 3600 ஆகியவற்றுக்கு மூன்று சிலிண்டர். இன்டர்நேஷனல் பி-275-க்கு நான்கு. ஸ்வராஜ் 724, எச்.எம்.டி. ஜீட்டர் 2511 இரண்டுக்கும் இரண்டு. முன்னால் ரேடியேட்டரே இல்லாமல், காற்றிலேயே குளிரும் ஒற்றைச் சிலிண்டர் இன்ஜின் இருந்தால் அது பெரும்பாலும் பழைய ஐஷர்.

என் வண்டியில் நான்கு பைப்.

மாடல் எண்ணைக் குதிரைசக்தி என்று எடுத்துக்கொள்வதும் ஒரு தப்பு. 2511-க்கு 25 குதிரைசக்தி என்பது சரியாக வரும். அதே கணக்கை பி-275-க்குப் போட்டால் ரயில் இன்ஜின்தான் வரும். அதன் சக்தி 35 பக்கம்.

படி 2: எண்ணைத் தேடுவது

நான் விழுந்த இடம் இது, அதனால் நின்று சொல்கிறேன்.

முதலில் பித்தளை அல்லது அலுமினியத் தகட்டைத் தேடுங்கள். பழைய பெர்குசனில் ஸ்டீயரிங்குக்குக் கீழே டேஷ்போர்டிலேயே இருக்கும். என் வண்டியில் தகடு இருந்த இடத்தில் இரண்டு ரிவெட் ஓட்டைதான் மிச்சம்.

தகடு இல்லை என்றதும் இன்ஜின் பிளாக்கைத் துடைத்தேன். பெரிது பெரிதாக, அழகாக ஒரு எண் தெரிந்தது. அதை எழுதிக்கொண்டு நேராகக் கடைக்குப் போனேன். கடைக்காரர் சிரித்துவிட்டு, "தம்பி, இது பார்ட் நம்பர். இந்த நம்பர்ல ஊருக்கு ஊரு வண்டி இருக்கும்" என்றார்.

இரும்பிலிருந்து புடைத்து நிற்கிற எழுத்து, உருக்கி வார்த்தபோது அச்சிலிருந்தே வந்தது. அந்த அச்சில் வார்த்த எல்லாப் பிளாக்கிலும் அதுவே இருக்கும். வண்டிக்கென்று உள்ள எண், இரும்புக்குள் குழிந்து இருக்கும். வார்த்து, கடைந்து, முடித்த பிறகு குத்தியது. விரலால் தடவிப் பாருங்கள், கண்ணைவிட விரலுக்கு இது சீக்கிரம் புரியும். அதேபோல ஸ்டார்ட்டர், டைனமோ, டீசல் பம்ப் ஒவ்வொன்றிலும் தனித் தகடு உண்டு. அந்த எண்கள் அந்தந்தச் சாமானுக்கு மட்டும்தான். பம்ப்பில் மைகோ என்று இருந்தால் அந்தப் பம்ப் 2008-க்கு முந்தியது என்று சொல்லலாம், அந்த வருஷம்தான் கம்பெனி பாஷ் என்று பெயர் மாறியது. வண்டியின் வயதுக்கு அது சாட்சி ஆகாது.

அடுத்தது சேஸ் நம்பர். லாரி மாதிரி நீளமான சட்டம் இருக்கும், அதில் எண் இருக்கும் என்று முன் அச்சுப் பக்கம் படுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேடினேன். இந்த டிராக்டர்களுக்கு அப்படிச் சட்டமே கிடையாது. இன்ஜின், கிளட்ச் உறை, கியர் பெட்டி, பின் அச்சு என்று ஒன்றோடு ஒன்று போல்ட் போட்டு முடுக்கியதுதான் உடம்பு. ஆகவே சேஸ் நம்பரைப் பெரும்பாலும் கிளட்ச் உறையிலோ கியர் பெட்டியிலோ குத்தியிருப்பார்கள். எனக்குக் கிளட்ச் மிதிக்குப் பின்னால் கிடைத்தது, விரல் கனத்துக்கு கிரீஸும் வயல் மண்ணும் ஏறிப்போய்.

படி 3: பென்சில் பிரிண்ட்

மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, பிரஷ்ஷால் துடைத்து, துணியால் நன்றாக உலர்த்துங்கள். இப்போது திருநீறு. குழிந்த எழுத்தின் மேல் தடவி, மேலாக மட்டும் துடைத்துவிட்டால் குழிக்குள் வெள்ளை நின்றுகொள்ளும். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் போட்டோ எடுங்கள். சாக்பீஸ் தூளிலும் செய்யலாம். எனக்கு விபூதிதான் பிடித்தது, நைசாக இறங்குகிறது.

அப்புறம் தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள். போட்டோ, பிரிண்ட் இரண்டும் வேண்டும். 8-ஐயும் ஆங்கில பி எழுத்தையும், 5-ஐயும் 6-ஐயும் போட்டோவில் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். நான் முன்னால் இருந்த பி-யை 8 என்று படித்து நான்கு நாள் வீணாக்கினேன்.

படி 4: ஆர்.சி. புக்கோடு ஒப்பிடுங்கள்

ஆர்.சி.யில் மூன்று இடம் பாருங்கள்: தயாரிப்பாளர், சேஸ் நம்பர், இன்ஜின் நம்பர். பதிவு தேதியைக் கடைசியாகப் பாருங்கள். விற்ற தேதியும் செய்த தேதியும் ஒன்றல்ல.

மாமா "மகிந்திரா" என்று சாதித்த வண்டிக்கு, ஆர்.சி.யில் தயாரிப்பாளர் 'இன்டர்நேஷனல் டிராக்டர் கம்பெனி ஆஃப் இந்தியா' என்று இருந்தது. மகிந்திரா, இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர், வோல்டாஸ் மூன்றும் சேர்ந்து 1963-இல் தொடங்கிய கம்பெனி அது. முதல் பி-275 வந்தது 1965-இல். 1977-இல் அது மகிந்திராவோடு இணைந்துவிட்டது. ஆக, இந்தப் பெயர் இருந்தாலே வண்டி 1965-க்கும் 1977-க்கும் நடுவில். பதிவு 1972. எழுபத்தி நாலு என்ற மாமா கணக்கு போச்சு, அத்தை சொன்னதுதான் சரி.

மற்ற கம்பெனிகளுக்கும் இப்படி எல்லை வைத்துப் பார்க்கலாம். இங்கே மாஸி பெர்குசன் செய்கிற டாஃபே தொடங்கியது 1960. ஸ்வராஜ் 724 வந்தது 1974. பிஞ்சோரில் எச்.எம்.டி. டிராக்டர் செய்ய ஆரம்பித்தது 1971. அதற்கு முந்திய வருஷத்தை யாராவது சொன்னால் புரோக்கர் பேச்சு.

ஆர்.சி. தொலைந்துபோயிருந்தால் நம்பர் பிளேட் கொஞ்சம் உதவும். டி.என். 58, டி.என். 59 என்று ஆர்.டி.ஓ. எண் வருகிற முறை 1989-இல் புது மோட்டார் வாகனச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகுதான். வெறும் மூன்று எழுத்தும் நான்கு இலக்கமும் என்றால் அதற்கு முந்திய பதிவு. நிலக்கோட்டை, நத்தம் ஊர்க்காரர்களின் பழைய காகிதத்தில் 'மதுரை மாவட்டம்' என்று இருந்தால், அது 1985-இல் திண்டுக்கல் பிரிவதற்கு முன் எழுதியது.

படி 5: எண்கள் ஒத்துப்போகாவிட்டால்

எனக்குச் சேஸ் நம்பர் ஒத்துப்போனது, இன்ஜின் நம்பர் ஒத்துப்போகவில்லை. மாமாவிடம் போய் நின்றேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "ஆமா மாப்ளே, ஒரு தடவை திருமங்கலத்துல பழைய இன்ஜின் ஒண்ணு வாங்கி மாத்துனோம்ல" என்றார். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு கேஸ்கெட் காசு மிச்சம்.

வண்டியின் வயதைச் சேஸ் நம்பர் சொல்லும். இன்ஜின் சாமான் வாங்கும்போது இன்ஜின் நம்பரைத்தான் கொடுக்க வேண்டும். ஹெட் கழற்றியிருந்தால் சிலிண்டர் துளையை வெர்னியர் அளவுகோலில் அளந்து, தண்ணீர் ஓட்டைகளைத் தாளில் பதித்துக் கொண்டுபோங்கள். இரண்டாவது கேஸ்கெட் அப்படித்தான் சரியாக அமைந்தது. மாற்றிய இன்ஜினை ஆர்.சி.யிலும் பதிய வேண்டும். அந்த வேலை எனக்கு இன்னும் பாக்கி.

ஃபோர்டு வைத்திருப்பவர்களுக்கு

இங்கிலாந்தின் பாசில்டன் ஆலையிலிருந்து வந்த பழைய ஃபோர்டு என்றால் உங்களுக்கு யோகம். ஸ்டார்ட்டர் மோட்டாரை ஒட்டிய தட்டையான இடத்தில் தேதியையே குத்தியிருப்பார்கள். முதல் இலக்கம் வருஷத்தின் கடைசி எண், அடுத்த எழுத்து மாதம், பிறகு நாள், கடைசியில் ஷிப்ட். ஏ ஜனவரி, பி பிப்ரவரி என்று போய், ஐ-யை மட்டும் விட்டுவிட்டு, எம் டிசம்பரில் முடியும். '8 சி 14 பி' என்றால் மார்ச் 14. வருஷம் 1968-ஆ, 1978-ஆ என்பதை மாடலை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 3000 என்றால் 1968. 3600 வந்ததே 1975-இல், ஆகவே அது 1978.

பின்னால் சேர்த்தது: மேலூரிலிருந்து ஒருவர், தன் ஜீட்டரில் 2511 என்று இருப்பதை நவம்பர் 25 என்று எடுத்துக்கொண்டதாக எழுதியிருந்தார். ஃபோர்டு முறை ஃபோர்டுக்கு மட்டும்தான் அண்ணே, 2511 உங்கள் வண்டியின் மாடல்.

மறுபடி சேர்த்தது: தகடு பளபளவென்று இருக்கிறது, வாங்கலாமா என்று உசிலம்பட்டியிலிருந்து ஒரு கேள்வி. தகட்டை ரிவெட் பிடித்திருக்கிறதா, ஸ்க்ரூ பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்க்ரூ என்றால் யாரோ ஒருமுறையாவது கழற்றியிருக்கிறார்கள். கிளட்ச் உறையில் குத்திய எண்ணைப் பென்சில் பிரிண்ட் எடுத்து, ஆர்.சி.யோடு ஒத்துப்பார்க்கும் வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.