0.5 மி.மீ. துளை: பிட் உடையாமல் போட என் வழி

உலோகத்தில் துளை போடும் சின்ன டிரில் பிட் உடைந்தால் பலரும் வேகத்தைக் குறைப்பார்கள். எனக்குப் பலன் தந்தது நேர்மாறானது. எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட்டில் மைல்ட் ஸ்டீலுக்கு (சாதாரண இரும்புக்கு) நிமிடத்துக்கு 25 மீட்டர் வெட்டுவேகம், அதாவது பிட்டின் விளிம்பு நகரும் வேகம், என்றால், 0.5 மி.மீ. பிட் நிமிடத்துக்கு 16,000 சுற்றுக்கு அருகில் ஓட வேண்டும். மெஷின் 3,000-ஐத் தாண்டாது என்றால் அழுத்தத்தை அதற்கேற்பக் குறைக்க வேண்டும்.

பிட்டை மெஷினின் பெரிய சக்கில் (பிட்டைக் கவ்வும் பிடியில்) நேரடியாகப் பிடிக்காதீர்கள். சிறு கோலெட்டில் (பிட்டைச் சுற்றி இறுக்கும் சின்னக் குழல் பிடி), தேவையான நீளம் மட்டும் வெளியே தெரியும்படி பிடியுங்கள். நுனி ஆடினால் பிட் நிச்சயம் போகும். கார்பைடு (மிகக் கடினமான, எளிதில் முறியும் பொருள்) பிட் துளியும் வளையாது, கை டிரில்லுக்கு அது வேண்டவே வேண்டாம்.

பஞ்ச்சால் தட்டிய குழியை நம்பாமல் ஸ்பாட்டிங் டிரில்லால் (துளை தொடங்கும் இடத்தைக் குறிக்கும் குட்டையான, விறைப்பான பிட்) லேசாகத் தொட்டுத் தொடங்குகிறேன். பிறகு 0.25 மி.மீ. இறக்கி, முழுதாக வெளியே எடுத்து, துகளைப் பிரஷ்ஷால் துடைத்து, ஒரு சொட்டு கட்டிங் ஆயில் விட்டு மறுபடி இறக்கம். முறிவுக்கு முக்கியக் காரணம் பிட்டின் சுருள் பள்ளத்தில் அடைக்கும் துகள்தான். பித்தளைக்கு எண்ணெய் தேவைப்படுவதில்லை. ஸ்டெயின்லெஸ்ஸில் பிட் வெட்டாமல் உரசிக்கொண்டு நின்றால் அந்த இடத்து உலோகமே கடினமாகிவிடும். வெட்டுங்கள், இல்லையேல் உடனே வெளியே எடுங்கள்.

மறுபக்கம் வெளிவரும் கணத்தில் பிட் சிக்கும். அடியில் இன்னொரு தகட்டைச் சேர்த்து இறுக்கினால் அது நடக்காது.